எனக்கும் எல்.ஐ.சி. கட்டடத்துக்கும் ஒரே வயசு



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிஷம் என் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள். இன்னும் பத்து நிமிஷம் டீச்சருக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம்ம பழைய ஐந்தாம் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. சென்னை அண்ணா சாலையில் இருக்கிற எல்.ஐ.சி. கட்டடம். போட்டவன் என்னிடம் படித்த பிள்ளைதான், இப்போது சென்னையில் பெரிய வேலையில் இருக்கிறான். பேர் சொல்ல மாட்டேன். படத்துக்குக் கீழே அவன் எழுதியிருந்தது: "இந்த டப்பாவை எப்பதான் இடிப்பாங்களோ? அந்த இடத்தோட மதிப்பு தெரியுமா? அம்பது மாடி கட்டலாம்." அதற்குக் கட்டைவிரல் தூக்கியவர்கள் பதினெட்டுப் பேர். என் சித்தப்பா பேரன் ஒருவன், "வெள்ளைக்காரன் கட்டினதுதானே, போனா போகட்டும்" என்று எழுதியிருந்தான். இன்னொருத்தி, "பழசாயிடுச்சு டீச்சர், தலையில விழுந்தா என்ன செய்ய?" என்று என்னையே கேட்டுவிட்டாள்.

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. சங்கரன்கோவிலில் உட்கார்ந்திருக்கிற ரிட்டயர்டு டீச்சருக்குச் சென்னைக் கட்டடத்தைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நான் பிறந்தது 1959. அந்தக் கட்டடம் திறக்கப்பட்டதும் 1959, ஆகஸ்ட் 23-ஆம் தேதி. என்னை 2018-ல் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அது விதி, ஒத்துக்கொண்டேன். அதற்காக என்னை இடித்துப் போடலாம் என்று யாரும் சொல்லவில்லை!

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ நாளைக்கே அதை இடிக்க வருகிறார்கள் என்று செய்தி பரப்புவதற்காக இதை எழுதவில்லை. வதந்தியைப் பார்வேர்டு செய்யாதே என்று உங்களுக்குச் சொல்லுகிற நானே அதைச் செய்வேனா? என் சண்டை ஒரு எண்ணத்தோடு. ராஜா கட்டினால் பாரம்பரியம், சாமிக்குக் கட்டினால் பாரம்பரியம், வெள்ளைக்காரன் சிவப்புக் கல்லில் கட்டினால்கூடப் பாரம்பரியம். சுதந்திரம் வாங்கின பிறகு நாம் நம் காசில் கட்டினது மட்டும் டப்பா! இந்த எண்ணத்தோடுதான் சண்டை.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

முதல் குற்றச்சாட்டு, வெள்ளைக்காரன் கட்டினது.

இதைச் சொன்ன பேரப்பிள்ளைக்கு வரலாற்றில் பூஜ்யம்தான் போடுவேன். சுதந்திரம் 1947. அந்தக் கட்டடத்தின் வேலை தொடங்கியது 1953. தொடங்கியவர் ஒரு தமிழர், எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஆரம்பித்தவர் அவர்தான். ஆரம்பித்த அன்றைக்கே காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரிலும் கிளை திறந்தார்கள். அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியின் பேர் யுனைடெட் இந்தியா. அந்தக் கம்பெனிக்குத் தலைமை அலுவலகமாகத்தான் மவுண்ட் ரோட்டில் இந்தக் கட்டடத்தைத் திட்டமிட்டார். முதலில் போட்ட கணக்கு பதினெட்டு மாடி. வரைபடம் போட்டவர்கள் பிரவுன், மூலன் என்று லண்டனைச் சேர்ந்த இரண்டு பேர். வெள்ளைக்காரன் சம்பந்தம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். வேலை தொடங்கிய மறு வருஷம், 1954 மார்ச் 13-ல், சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் செட்டியார் இறந்துபோனார். 1956 ஜனவரி 19-ல் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு ஆயுள் காப்பீட்டுத் தொழிலைத் தன் கையில் எடுத்தது. 245 நிறுவனங்கள், சின்னதும் பெரியதும், உள்ளூரும் வெளிநாடும், எல்லாம் சேர்ந்து 1956 செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. ஆனது. யுனைடெட் இந்தியாவும் அதில் கலந்தது. 1957-ல் லண்டன்காரர்கள் இருவரும் வேலையை விட்டுவிட்டுப் போனார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஆரம்பித்தவர் இல்லை. ஆரம்பித்த கம்பெனி இல்லை. வரைபடம் போட்டவர்களும் இல்லை. நம்ம ஊரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு இந்த மூன்றில் ஒன்று நடந்தாலே, கம்பி துருப்பிடித்து, வேலிக்கருவேலம் முளைத்து, இருபது வருஷம் அப்படியே நிற்கும். அந்தக் கட்டடம் நிற்கவில்லை. சென்னையில் அலுவலகம் வைத்திருந்த எல்.எம். சித்தாலே என்ற கட்டடக்கலைஞர் பொறுப்பை ஏற்று முடித்துக் கொடுத்தார். கட்டியது முருகப்பா குழுமத்தின் கோரமண்டல் என்ஜினீயரிங் கம்பெனி. 177 அடி உயரம். செலவு 87 லட்சம் ரூபாய். திறந்து வைத்தவர் அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். திறந்த நாளில் இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். 1961-ல் பம்பாயில் உஷா கிரண் வந்து மிஞ்சும் வரைக்கும் அந்தப் பேர் சென்னைக்குத்தான்.

மொரார்ஜி ஏன் நிதியமைச்சராக இருந்தார் என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. அவருக்கு முன்னால் இருந்தவர் நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி. எல்.ஐ.சி. பணத்தை முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளில் போட்டார்கள் என்று பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பினார். அவர் யார்? பிரதமர் நேருவின் சொந்த மருமகன். ஆளுங்கட்சி உறுப்பினர். நீதிபதி சாக்ளா விசாரித்தார், அதுவும் பொதுமக்கள் முன்னிலையில். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். பாலிசிதாரர் காசு என்றால் அன்றைக்கு நாட்டுக்கே அப்படி ஒரு பொறுப்பு இருந்தது. அது நடந்து முடிந்த அடுத்த வருஷம் திறந்த கட்டடம் இது. இதைப் போய் வெள்ளைக்காரன் கட்டினது என்கிறாயே, பேரப்பிள்ளை!

இரண்டாவது குற்றச்சாட்டு, டப்பா மாதிரி இருக்கிறது.

இதைச் சொன்ன தம்பிக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 1991 ஜனவரியில் உங்களை எல்லாம் பஸ்ஸில் ஏற்றிச் சென்னைக்கு அழைத்துப் போனோமே, நினைவிருக்கிறதா? வண்டலூரில் புலி பார்த்தீர்கள், மெரினாவில் கால் நனைத்தீர்கள். மவுண்ட் ரோட்டில் பஸ் மெதுவாகப் போனபோது ஜன்னல் பக்கமாக மொத்த வகுப்பும் சாய்ந்து, எல்.ஐ.சி.யின் மாடியை எண்ணினீர்கள். ஒருத்தன் பன்னிரண்டு என்றான், ஒருத்தி பதினாலு என்றாள். நீ பதினைந்து என்று அடித்துச் சொன்னாய். அடித்தளம் சேர்த்தா, தரைத்தளம் சேர்த்தா என்று பஸ்ஸுக்குள்ளேயே பஞ்சாயத்து. "டீச்சர், நம்ம கோபுரம் பெருசா, இது பெருசா?" என்று கேட்டதும் நீதான். அதுவரைக்கும் உங்களுக்கு உயரம் என்றால் சங்கரநாராயணர் கோவிலின் ஒன்பது நிலை ராஜகோபுரம்தான்.

ஊருக்கு வந்ததும் என்ன செய்தோம்? வெயிலில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, அதன் நிழலை அளந்து, அதே நேரத்தில் கொடிக்கம்பத்தின் நிழலையும் அளந்து, ஏறாமலேயே உயரம் கண்டுபிடித்தோம். அந்தப் பாடம் புத்தகத்தில் இருந்து வரவில்லை தம்பி. நீ இன்றைக்கு டப்பா என்று சொல்கிற கட்டடத்தில் இருந்து வந்தது.

டப்பா வடிவம் ஏன் வந்தது என்பதையும் சொல்கிறேன். பழைய முறையில் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினால் மேலே இருக்கிற பாரம் முழுவதையும் சுவர்தான் தாங்க வேண்டும். மாடி ஏற ஏற, அடிச்சுவர் தடித்துக்கொண்டே போகும். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் மொனாட்நாக் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. 1891-ல் செங்கல் சுவரை நம்பிப் பதினாறு மாடி எழுப்பினார்கள். அடியில் சுவரின் கனம் ஆறு அடி! தரைத்தளத்தில் பாதி இடத்தைச் சுவரே தின்றுவிட்டால் மனுஷன் எங்கே உட்கார? அதற்கு மேல் அந்த வழியில் போக முடியாது என்று உலகத்துக்கே தெரிந்தது.

கான்கிரீட் தூணும் உத்தரமும் வந்தபோதுதான் சுவருக்கு அந்தப் பாரத்தில் இருந்து விடுதலை கிடைத்தது. தூண் தாங்கும், சுவர் வெறும் மறைப்புதான். அதனால் ஜன்னலைப் பெரிதாக வைக்கலாம், வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே விடலாம். தெற்கே சுண்ணாம்பு, செங்கல் காலம் முடிந்து கான்கிரீட் தூண் காலம் பிறந்ததற்கு அடையாளம் என்று இந்தக் கட்டடத்தைத்தான் காட்டுகிறார்கள். நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் செயலகம் 1950-களின் தொடக்கத்தில்தான் முடிந்திருந்தது. அதுவும் இதே மாதிரி நேராக நிற்கிற பலகைதான். உலகம் அன்றைக்குப் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்த பாடத்தை நாமும் அதே பத்தாண்டில் கற்றுக்கொண்டோம். முப்பது வருஷம் பிந்தி இல்லை. அதற்கு வளைவு, குவிமாடம், பூ வேலை இல்லை என்பதால் டப்பாவா? உன் வீட்டுக்கு முதலில் வாங்கின சைக்கிளுக்கும் பூ வேலை கிடையாது. அதை எடைக்குப் போட உனக்கு மனசு வந்ததா?

மூன்றாவது குற்றச்சாட்டு, இடத்தின் மதிப்பு.

இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

அந்த இடத்தின் மதிப்பு எங்கே இருந்து வந்தது? கோட்டையில் இருந்து பரங்கிமலைக்குப் போகிற பாதை அது. பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பெனிக்காரர்கள் கோட்டைக்குள் நெரிசல் என்று இந்தப் பக்கம் வந்து, பெரிய பெரிய தோட்ட வீடுகள் கட்டினார்கள். கவர்னருக்கான வீட்டையே 1753-ல் அன்டோனியா டி மதெய்ரோஸ் என்ற அம்மாளிடம் இருந்து கம்பெனி வாங்கியது. பிறகு தோட்டம் போய்க் கடைகள் வந்தன. மருந்துக்கடை, புத்தகக்கடை, துணிக்கடை, எல்லாம் துரைமார்களுக்காக. நம்ம ஆட்கள் உள்ளே போகக் கூச்சப்பட்ட ரோடு. அந்த ரோட்டில், சாதாரண ஜனங்கள் மூன்று மாசத்துக்கு ஒரு முறை கட்டுகிற பிரீமியம் காசை வாங்கிக் கணக்கு வைக்கிற ஒரு அலுவலகம், எல்லாக் கட்டடத்துக்கும் மேலே தலையை நீட்டிக்கொண்டு எழுந்து நின்றது. அந்த இடத்தின் மதிப்பில் அதற்கும் பங்கு உண்டு.

ஊரில் இருந்து சென்னைக்குப் போகிற கதாநாயகனைச் சினிமாவில் எப்படிக் காட்டுவார்கள்? முதலில் சென்ட்ரல் ஸ்டேஷன், அடுத்தது எல்.ஐ.சி. ஒரு வசனமும் தேவைப்படாது. பையன் பட்டணம் வந்துவிட்டான் என்று டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தெரிந்துவிடும். பஸ் நிறுத்தத்துக்கும் அந்தப் பேர்தான். 2019-ல் மெட்ரோ வந்தபோது அந்த நிலையத்துக்கும் எல்.ஐ.சி. என்றுதான் பேர் வைத்தார்கள். ஒரு இடத்துக்கு முகம் கொடுத்த கட்டடத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தை விற்கலாம் என்பது, அம்மாவை அனுப்பிவிட்டு அம்மா கைச் சமையல் என்று ஓட்டல் நடத்துவது மாதிரி.

இடித்துவிட்டுக் கட்டினால் நினைத்தது நடக்குமா என்பதற்கும் அதே ரோட்டில் சாட்சி இருக்கிறது. நான் சொன்ன அந்தப் பழைய கவர்னர் மாளிகையைப் புதிய தலைமைச் செயலகத்துக்காக இடித்தார்கள். 2010 மார்ச் 13-ல் பிரதமர் மன்மோகன் சிங் வந்து புதுக் கட்டடத்தைத் திறந்து வைத்தார். அடுத்த வருஷம் ஆட்சி மாறியது. 2014 பிப்ரவரியில் அது பல்நோக்கு மருத்துவமனை ஆனது. நான் கட்சி பேசவில்லை. ஆஸ்பத்திரி நல்ல காரியம், நம்ம பக்கத்தில் இருந்துகூட ஆட்கள் போய் வைத்தியம் பார்த்து வருகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். இருநூறு வருஷத்துக்கு மேல் நின்ற மாளிகையை எதற்காக இடித்தார்களோ, அந்தக் காரியம் அங்கே எத்தனை நாள் நடந்தது? இடிப்பது மட்டும் உறுதி. கட்டப்போவது என்ன என்பது அடுத்து வருகிறவர் கையில். இடித்ததைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது.

இதில் எல்.ஐ.சி. நிறுவனத்தையும் நான் சும்மா விடப்போவதில்லை. அதே அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் என்று ஒன்று உண்டு. சிவப்பு நிறம், கூர் கோபுரங்கள், 1897-ல் ஸ்மித் என்ற மருந்து வியாபாரிக்காகக் கட்டியது. பின்னால் பாரத் இன்சூரன்ஸ் வாங்கி, நாட்டுடைமை ஆனபோது எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 2006-ல் அதை இடிக்க ஆரம்பித்தார்கள். பாரம்பரியத்தைக் காக்கிற இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போனது. 2010-ல் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கட்டடத்துக்காகப் பேச ஆட்கள் இருந்தார்கள், ஏனென்றால் அதைப் பார்த்தாலே பழசு என்று தெரியும். 1959-ல் பிறந்த இந்த வெள்ளைப் பலகைக்கு ஒரு நாள் அதே நிலைமை வந்தால் யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? குழுவில் கட்டைவிரல் தூக்கின பதினெட்டுப் பேரா?

இது வெறும் பயம் இல்லை. டெல்லியில் நடந்திருக்கிறது. பிரகதி மைதானத்தில் ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்று ஒரு கண்காட்சி மண்டபம் இருந்தது. சுதந்திரத்தின் வெள்ளிவிழா ஆண்டில், 1972-ல், ஆசிய வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியது. கட்டடக்கலைஞர் ராஜ் ரேவால், பொறியாளர் மகேந்திர ராஜ். இரும்பில் செய்ய வேண்டிய அமைப்பு. அன்றைக்கு நமக்கு இரும்பு விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் கான்கிரீட்டிலேயே, தொழிலாளர்கள் கையால் வார்த்து, நடுவில் ஒரு தூண்கூட இல்லாத பெரிய கூடமாக எழுப்பினார்கள். உலகத்துக் கட்டடக்கலைப் புத்தகங்களில் இடம் பிடித்தது. 2017 ஏப்ரலில், ஒரு ராத்திரியில், இயந்திரங்களை விட்டு இடித்துத் தள்ளினார்கள். காப்பாற்றச் சொன்னவர்களுக்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? அறுபது வயசு ஆனால்தான் பாரம்பரியப் பட்டியலுக்கே தகுதி, இதற்கு ஆகவில்லை! அந்த இடத்தில் இப்போது பாரத மண்டபம் நிற்கிறது. 2023-ல் திறந்தார்கள், பிரம்மாண்டமாகத்தான் இருக்கிறது. ஏழையாக இருந்தபோது மூளையை வைத்து நாம் செய்து காட்டினது அங்கே இல்லை.

நாற்பத்தைந்து வயசில் சாகவிட்டுவிட்டு, அறுபது வயசு வரைக்கும் உயிரோடு இருந்திருந்தால் மரியாதை கொடுத்திருப்போம் என்பது என்ன நியாயம்? நம்ம எல்.ஐ.சி. 2019-லேயே அறுபதைத் தாண்டிவிட்டது. அந்தச் சாக்கும் இதற்குப் பொருந்தாது.

கடைசிக் கேள்வி, பழசாகிவிட்டது, விழுந்தால் என்ன செய்ய?

இதைக் கேட்ட பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். நியாயமான கேள்வி. நான் ஆசிரியை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சுவர் இடிந்து மூன்று பிள்ளைகள் செத்துப்போனபோது இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிகளில் பழுதான கட்டடங்களை இடிக்கச் சொன்னார்கள். விரிசல் விட்ட கட்டடத்தை இடிக்கத்தான் வேண்டும். ஒரு பிள்ளையின் உயிருக்கு முன்னால் எந்தப் பாரம்பரியமும் கால் தூசி.

ஆனால் அந்த நேரத்தில் நான் கண்ணால் பார்த்த இன்னொன்றும் உண்டு. ஊர் பேர் வேண்டாம். தேக்கு உத்தரம், ஓட்டுக்கூரை, ஒரு சொட்டு ஒழுகாத வகுப்பறை. வெயில் காலத்திலும் உள்ளே போனால் குளுகுளு என்று இருக்கும். சுவரைத் தட்டிப் பார்க்க ஒரு ஆள் வரவில்லை. பக்கத்துக் கட்டடத்தை இடிக்க வந்த இயந்திரம் இதையும் சேர்த்து இடித்துவிட்டுப் போனது. இப்போது அங்கே தகரக் கொட்டகை. பிள்ளைகள் மத்தியானத்தில் வேகிறார்கள். ஆபத்து என்பது வேறு, பழசு என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் இடிக்கிறவருக்கு வேலை சுலபம், அவ்வளவுதான்.

எல்.ஐ.சி. கட்டடத்துக்கே வருகிறேன். 1975 ஜூலை 11-ல் அதில் பெரிய தீ பிடித்தது. மாடி மாடியாக எரிந்த சேதியைப் பேப்பரில் பார்த்த ஞாபகம் எனக்கு இருக்கிறது. எலும்புக்கூடு நின்றது. சரி செய்தார்கள், மறுபடி ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். 2023 ஏப்ரல் 2-ல் உச்சியில் இருந்த பெயர்ப் பலகை தீப்பிடித்தது. அணைத்தார்கள். கான்கிரீட்டுக்கு உண்மையான எதிரி வயசு இல்லை. ஈரமும் உப்புக்காற்றும் உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு பிடித்த கம்பி ஊதும். ஊதினால் மேலே இருக்கிற சிமென்ட் உதிரும். இதைக் காலத்தில் பார்த்துச் சரிசெய்ய வழி இருக்கிறது, அதைப் படித்த பொறியாளர்கள் இருக்கிறார்கள். நம்ம குழுவிலேயே மூன்று சிவில் என்ஜினீயர்கள் இருக்கிறீர்கள்! "பழசு, இடி" என்று சொல்ல என்ஜினீயர் படிப்பு எதற்கு? அதை எங்க தெரு பெட்டிக்கடை அண்ணாச்சியே சொல்லிவிடுவார்.

இனி என் சொந்தக் கதை. உறவுகளில் பெரியவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது.

எங்க அப்பா தறிக்காரர். கூலிக்கு நெய்தவர். எங்க தெருவுக்குச் சைக்கிளில் ஒரு ஏஜெண்ட் அண்ணாச்சி வருவார். ஹேண்டில்பாரில் ரெக்ஸின் பை தொங்கும். அவர் பேசிப் பேசி அப்பாவை ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு பாலிசி எடுக்க வைத்தார். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை பிரீமியம் கட்ட வேண்டும் என்றால் அந்த வாரம் எங்க வீட்டில் குழம்பில் காய் குறையும். அம்மா திட்டுவாள். "சாவுக்குக் காசு கட்டுற ஆளை இப்பதான் பாக்கேன்" என்பாள். அப்பா ரசீதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார். "இது மெட்ராஸ்ல பதினாலு மாடிக் கட்டடத்துல எழுதி வச்சிருக்கு, எங்கேயும் போவாது" என்பார். அவர் அந்தக் கட்டடத்தைப் படத்தில் தவிரப் பார்த்ததே கிடையாது.

1976-ல் அப்பா போய்விட்டார். நான் பதினோராம் வகுப்பு முடித்திருந்த நேரம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அந்த அண்ணாச்சியே வந்து தாள்களில் அம்மாவிடம் கைநாட்டு வாங்கிப் போனார். பணம் வந்தது. அடுத்த வருஷம் பாளையங்கோட்டைக்குப் போய் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். விடுதிக் கட்டணம், இரண்டு சேலை, ஒரு டிரங்குப் பெட்டி, எல்லாம் அந்தக் காசு. அந்தப் பயிற்சியை நான் முடிக்காமல் இருந்திருந்தால், தம்பி, உனக்கு 1991-ல் நிழலை அளக்கச் சொல்லிக்கொடுக்க நான் வந்திருக்க மாட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன். அந்த 177 அடியில் எங்க அப்பாவின் காய் குறைந்த குழம்பும் கலந்திருக்கிறது. எங்க அப்பா மாதிரி எத்தனை லட்சம் பேர்! தறிக்காரர், வண்டிக்காரர், வாத்தியார், குமாஸ்தா. அரண்மனையைக் காப்பாற்றுகிறோம், ராஜாவுக்காக. சர்ச்சையும் கோவிலையும் காப்பாற்றுகிறோம், சாமிக்காக. குடிமக்கள் தங்களுக்கென்று எழுப்பின முதல் உயரத்தை யாருக்காகக் காப்பாற்றுவது? நமக்காகத்தான். அதை இடத்தின் சதுர அடி விலையில் மட்டும் அளக்கிறவனுக்கு ஒரு நாள் தன் அப்பாவின் உழைப்பையும் அப்படித்தான் அளக்கத் தோன்றும்.

எதையுமே இடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இடிக்கும் முன்னால் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். ஒன்று, ஆபத்து என்று சோதித்துப் பார்த்தவர் யார், அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா? இரண்டு, இது எப்போது, எதற்காக, யார் காசில் வந்தது என்று எழுதி வைத்திருக்கிறோமா? மூன்று, அடுத்து வரப்போவது உறுதியா, வெறும் வரைபடமா? மூன்றுக்கும் பதில் இருந்தால் பேசலாம். ஒன்றுக்குக்கூட இல்லை என்றால் சுத்தியலைக் கீழே வை. 1947-க்குப் பிறகு நாம் கட்டின நல்ல கட்டடங்களையும் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று சென்னையில் இருக்கிற நீங்கள் கேட்க வேண்டும். நான் பொதிகையில் ஏறி வந்து கேட்க முழங்கால் இடம் தரவில்லை.

முடிப்பதற்கு முன்னால் வீட்டுப்பாடம். டீச்சர் சும்மா விடுவேனா?

எல்லோரும் தங்கள் ஊரில், தங்கள் தெருவில், ஐம்பது வருஷம் தாண்டின ஒரு சாதாரணக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவில் வேண்டாம், அரண்மனை வேண்டாம். போஸ்டாபீஸ், கூட்டுறவுச் சங்கம், ரைஸ் மில், தண்ணீர்த் தொட்டி, நூலகம், எதுவானாலும் சரி. யார் கட்டினார்கள், எந்த வருஷம், எவ்வளவு செலவு, அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதி, ஒரு படத்தோடு குழுவில் போடுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். ஆடித் தபசுக்கு ஊருக்கு வருகிறவர்கள் நேரில் கொண்டு வந்தாலும் திருத்திக் கொடுப்பேன்.

அந்தப் படத்தைப் போட்ட தம்பிக்கு மட்டும் தனி வீட்டுப்பாடம். நீ இருக்கிற இடத்தில் இருந்து எல்.ஐ.சி. ஒரு மெட்ரோ தூரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, மறுபடி ஒரு தடவை மாடியை எண்ணு. எத்தனை வருகிறது என்று எனக்கு எழுது. போன தடவை பதினைந்து என்றாய். பஸ் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அன்றைக்கு நான் திருத்தவில்லை.

என்னுடைய பேச்சில் தப்பு இருந்தால் கீழே தயங்காமல் சொல்லுங்கள். வயசைப் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டாம். காரணத்தைப் பார்த்து ஒத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
சங்கரன்கோவில்.